செந்தாடியும் என் சம்பந்தியும்

கல்யாண விஷயத்தில் கடற்பஞ்சைச் சாட்சிக்குக் கூப்பிட்ட முதல் தகப்பன் நானாகத்தான் இருப்பேன். கடைசித் தகப்பனும் நானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் ஆல்டன் க்ரோவெல். மாசச்சூசெட்ஸ் கடற்கரையில், எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் கடற்பஞ்சோடு மாரடிப்பது என் தொழில். ஊரில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டுவலி, முதுகுவலி என்று வருகிறவர்களிடம் நான் அந்த டாக்டர் இல்லை என்பேன். அப்படியானால் எந்த டாக்டர் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் சிரித்துவிட்டு, வலியைக் கொஞ்சம் மறந்து திரும்பிப் போவார்கள். அந்த அளவுக்கு நானும் வைத்தியன்தான்.

என்னிடம் ஒரே ஒரு வித்தை உண்டு. படகுத்துறையின் மரக்கால்களில் ஒட்டி வளரும் சிவப்புக் கடற்பஞ்சை எங்கள் பக்கத்தில் செந்தாடி என்பார்கள். அதில் ஒரு கொத்தைப் பிய்த்து, மாவு சலிக்கும் பட்டுத்துணியில் முடிந்து, கடல்நீர்க் கிண்ணத்துக்குள் பிழிய வேண்டும். தண்ணீர் தக்காளி சூப் போல ஆகும். அதற்குமேல் பஞ்சு என்று எதுவும் மிச்சமில்லை, தனித்தனியாக மிதக்கும் உயிரணுக்கள்தான். வேறெந்தப் பிராணியாக இருந்தாலும் கதை அங்கே முடிந்தது. இது மட்டும் முடியாது. அடியில் படிந்த அணுக்கள் ஊர்ந்து, தடவி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மறுநாள் சின்னச் சின்ன உருண்டைகளாக உட்கார்ந்திருக்கும். விட்டுவைத்தால் உருண்டை மறுபடியும் பஞ்சாகும். கூடவே ஒரு மஞ்சள் பஞ்சையும் பிழிந்து கலக்கிவிட்டால் இன்னும் வேடிக்கை. சிவப்பு சிவப்போடு போய்ச் சேரும், மஞ்சள் மஞ்சளோடு. கண் கிடையாது, மூக்கு கிடையாது, மூளை கிடையவே கிடையாது. ஆனால் தன் ஆள் யார் என்பதில் தப்பே நேராது. வருஷாவருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது இதைக் காட்டுவேன். கைதட்டுவார்கள். கொஞ்ச காலமாக அந்தக் கைதட்டலை நம்பித்தான் என் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

என் மகள் லிடியா ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நிலையத்துக்கு வந்துவிடுவாள். துணியின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் முறுக்கிப் பிழிவேன். ஜனாதிபதி ராஜினாமா செய்த அந்தக் கோடையில், நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, கையெல்லாம் சிவப்பாக நின்றுகொண்டு அவள் சொன்னாள்.

"அப்பா, அக்டோபர்ல எனக்கும் துவார்த்தேக்கும் கல்யாணம்."

"எந்த துவார்த்தே?"

"ரெண்டு வருஷமா உங்களுக்குத் தண்ணிக்குள்ள மூழ்கிப் பஞ்சு பறிச்சுட்டு வரானே, அந்த துவார்த்தே."

துவார்த்தே ஃபுர்த்தாடோ எங்கள் நிலையத்துப் படகுக்காரன். அவன் ஆட்கள் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள். ஊரில் பாதி அவர்கள்தான். மீன்பிடிப் படகுகளெல்லாம் அவர்களுடையவை, மேட்டுத் தெரு வீடுகளெல்லாம் எங்களுடையவை. அவர்களுக்குக் கத்தோலிக்கக் கோயில், எங்களுக்கு வெள்ளைச் சாயம் அடித்த மரத்தாலான புராட்டஸ்டன்ட் கோயில். மூன்று தலைமுறையாக ஒரே தபாலாபீஸ் வரிசையில் முன்னும் பின்னும் நிற்கிறோம். அதோடு சரி.

நான் துணியை விட்டுவிட்டேன். அருமையான செந்தாடி முழுக்கக் கழுவுதொட்டியில் போனது.

"என்னால இதுக்குச் சம்மதிக்க முடியாது."

"கட்டிக்கப்போறது நான். சம்மதம் அப்புறம் நிதானமா குடுங்க. அன்னைக்கு என் கையைப் பிடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனாப் போதும்."

"அது நடக்காது."

"சரி. அப்ப நான் தனியா நடந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கல்யாணம் நிற்காது என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பெண்ணின் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்று பெண்ணைத் தகப்பன் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போவது எங்கள் வழக்கம். என் ஒரே மகள் ஊரெல்லாம் பார்க்கத் தனியாக நடந்து போகப்போகிறாளா, என் கையைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறாளா என்பதுதான் மிச்சம். அதை முடிவு செய்ய வேண்டியவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஹன்னா கேட்டாள்.

"அந்தப் பையன்கிட்ட என்ன குறை?"

"குறைன்னு ஒண்ணும் இல்ல. இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே."

"யாரு வெள்ளாடு? நீயா, அவனா?"

"ஹன்னா, நான் விளையாடல."

"நானும்தான். மெயின் மாநிலத்துல இருந்து வந்த உருளைக்கிழங்குக்காரன் பொண்ணு நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு உங்கம்மா என்னைச் சொன்னது ஞாபகம் இருக்கா? பேச்சு அப்படியே இருக்கு. ஆடுதான் மாறியிருக்கு."

மனைவியிடம் வாதத்தில் தோற்றவன் நேரே போய்த் தூங்க வேண்டும். நான் யோசிக்க உட்கார்ந்தேன். வாயால் சொன்னால்தானே சண்டை வருகிறது? நான் ஏன் சொல்ல வேண்டும்? செந்தாடி சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு துவார்த்தேயையும் அவன் அம்மாவையும் அழைப்பது, சிவப்பும் மஞ்சளும் கலந்த தட்டைக் காட்டுவது, இயற்கையே பிரித்து வைத்திருப்பதைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போவது. இவ்வளவுதான் திட்டம். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. நான் பெருமைப்படும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டடி தள்ளி நிற்பது நல்லது.

"மேஜை மேல அதை வைக்காத, நாறும்" என்றாள் ஹன்னா. திட்டத்துக்கு வந்த ஒரே எதிர்ப்பு அதுதான்.

சனிக்கிழமை நிலையத்தில் நான் மட்டும் தனியாகத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது லிடியா வந்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசாதவள், நேரே வந்து துணியின் மறுமுனையைப் பிடித்தாள். சிவப்பையும் மஞ்சளையும் பிழிந்து முடித்தோம்.

"நாளைக்குத்தானா இது?" என்றாள்.

"ஆமா."

"நானும் ஒரு தட்டு வைக்கட்டுமா?"

"என்ன தட்டு?"

"செந்தாடியும் செந்தாடியும். தெற்குத் துறையில இருந்து ஒண்ணு, வடக்குத் துறையில இருந்து ஒண்ணு. அடையாளம் தெரியறதுக்கு ஒண்ணுக்கு நீலச் சாயம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண் வழிக்கு வருகிறாள், அப்பாவின் வேலையில் அவளுக்கு இன்னும் ஆசை போகவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அலமாரியைத் திறந்து, உயிரைக் கொல்லாமல் நிறத்தை மட்டும் ஏற்றும் அந்த நல்ல சாயத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து துவார்த்தேயின் அம்மா தியொலிந்தா ஃபுர்த்தாடோ வந்து சேர்ந்தாள். கறுப்பு உடை, கழுத்தில் சிலுவை, இரண்டு கைகளிலும் ஒரு பெரிய பானை. விருந்துக்கு அழைத்தால் வெறுங்கையோடு வரும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. பானையில் கீரையும் காரத் தொத்திறைச்சியும் போட்ட சூப். பின்னால் துவார்த்தே, அழுத்தி வாரிய தலையோடு, யாரோ கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வந்தது போல நின்றான்.

மேஜையில் ஹன்னா அவித்து வைத்திருந்த மீனைத் தியொலிந்தா குனிந்து பார்த்தாள். உப்பு, வெண்ணெய், அதற்குமேல் எங்கள் வீட்டு மீனுக்கு எதுவும் தெரியாது.

"ஏம்மா, மீனுக்கு உடம்பு சரியில்லயா?"

"அவருக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்று ஹன்னா என்னைக் காட்டிக்கொடுத்தாள்.

"டாக்டரே, படியேறும்போது இந்த முட்டியில குத்துது."

"நான் அந்த டாக்டர் இல்லங்க."

"தெரியும், தெரியும். இருந்தாலும் பாருங்க."

பார்த்தேன். முட்டி, முட்டி போலத்தான் இருந்தது. பிறகு எல்லோரையும் உட்காரவைத்து, ஜன்னலோர மேடையிலிருந்து என் தட்டை எடுத்துவந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தியொலிந்தாவின் கையில் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதை அப்படியே சொன்னேன். இயற்கை, இனம், தன்னைத் தானறிதல். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கூடப் பேசினேன் என்று நினைக்கிறேன். லிடியா தன் தட்டை மூடியபடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

தியொலிந்தா வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்து ரெண்டையும் ஒண்ணாக் கலந்தீங்களா?"

"கலந்தேன்."

"இப்ப சிவப்பு தனியா நிக்குது, மஞ்சள் தனியா நிக்குது. யாரும் சொல்லிக் குடுக்கல?"

"யாரும் சொல்லல. தானாப் பிரிஞ்சுது."

அவள் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கரண்டிகள் துள்ளின.

"இதைத்தானே நான் ஈஸ்டர்ல இருந்து அடிச்சுக்கறேன்! டேய் துவார்த்தே, இங்க வா, பாரு! நாத்தம் பிடிச்ச பஞ்சுக்கு இருக்கிற புத்தி உனக்கு இருக்கா? நம்ம தெருவுல பொண்ணே இல்லயா?"

என் மகளை வேண்டாம் என்று சொல்ல இவள் யார் என்று எனக்கு ஒரு கணம் ரத்தம் கொதித்தது. படித்த பெண், லட்சணமான பெண், என்ன குறை கண்டாள்? அப்புறம்தான் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் தியொலிந்தாவும் அப்படி ஒத்துப்போனோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் அவசரம், கோயிலுக்குப் போகிற லட்சணம், கோடையில் வந்து இறங்கும் பட்டணத்துக்காரர்களின் திமிர், எதை எடுத்தாலும் அவள் பாதி சொன்னால் மீதியை நான் சொன்னேன். அவள் சூப்பை ஊற்ற ஊற்றக் குடித்தேன். மூக்கில் தண்ணீர் வந்தது. அவித்த மீனை யாரும் தொடவில்லை.

"டாக்டரே, தப்பா நினைக்காதீங்க. உங்க ஆளுங்க வீட்டுல கல்யாணமும் சாவும் ஒரே மாதிரி இருக்கு. யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"உங்க ஆளுங்க வீட்டுலயும் ரெண்டும் ஒண்ணுதான். யாருமே வாயை மூட மாட்டேங்கறாங்க."

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். அவள் என் தோளில் அடித்தாள்.

ஹன்னா கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "இப்பப் பாக்கறவங்க, நீங்க ரெண்டு பேரும் முப்பது வருஷம் ஒண்ணாக் குடித்தனம் பண்ணவங்கன்னுதான் சொல்லுவாங்க."

எனக்கு அது பாராட்டாகப் பட்டது. சூப்பின் காரம் அப்படி.

அப்போதுதான் லிடியா தன் தட்டைத் திறந்து தியொலிந்தாவின் முன் நகர்த்தினாள்.

"அம்மா, இதையும் ஒரு தரம் பாருங்க."

"ம். இதுவும் பிரிஞ்சுதான் கிடக்கு. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். நீலம் எந்த ஜாதி?"

"ரெண்டும் செந்தாடிதான். நீலம் நான் போட்ட சாயம்."

"ரெண்டும் ஒரே ஜாதியா?"

"ஒரே ஜாதி. இது தெற்குத் துறையில வளந்தது, அது வடக்குத் துறையில வளந்தது. நடுவுல கடல்கூட இல்ல. ரொட்டிக்கடை மட்டும்தான் இருக்கு."

தியொலிந்தா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "டாக்டரே?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தத் தட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டும்போது இந்த இரண்டாம் பாதியை நான் விட்டுவிடுவேன். இதைச் சொன்னால் கைதட்டல் வராது. வருஷக்கணக்காகச் சொல்லாமல் விட்டதில், கடைசியில் எனக்கே அது இல்லாமல் போயிருந்தது.

"அது வந்துங்க, செந்தாடிக்கு இனம்னு தனியா ஒண்ணும் கிடையாது" என்றேன். "வேற ஒரு செந்தாடியா இருந்தாலும் கொஞ்ச நேரம் ஒட்டிப் பாக்கும். அப்புறம் நம்ம ஆள் இல்லன்னு விலகிக்கும்."

"அப்ப அது யார்கூடத்தான் சேரும்?"

"தன்கூடத்தான். பிழியறதுக்கு முன்னாடி அது எதுவா இருந்துச்சோ, அதோட மட்டும்."

"அந்தக் கணக்குல பாத்தா யாரும் யாரையும் கட்டிக்க முடியாதே."

"முடியாதுங்க."

ஹன்னா என்னைப் பார்த்த பார்வையில் என் அம்மா, மெயின் மாநிலம், உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தன. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தியொலிந்தா கழுத்துச் சிலுவையை விரலால் திருகினாள்.

"நானும் இவன் அப்பா மனுவேலும் ஒரே தீவு டாக்டரே. ஒரே தெரு. எங்கம்மாவும் அவங்கம்மாவும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்தவங்க. பொருத்தம்னா அப்படி ஒரு பொருத்தம்னு ஊரே சொல்லுச்சு." சிலுவையை விட்டுவிட்டாள். "ஒரு நாளும் ஒட்டல. அவரு கடலுக்குப் போன நாளுலதான் நான் நிம்மதியாச் சாப்பிட்டேன்."

துவார்த்தே நிமிர்ந்தான். "நீ இதை எங்கிட்டச் சொன்னதே இல்லயேம்மா."

"செத்தவரைப் பத்தி எதுக்குடா சொல்லணும்."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன். ஆனால் நான் டாக்டர் ஆயிற்றே. தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னேன்.

"பஞ்சு வேற, மனுஷன் வேற. பஞ்சை வச்சு மனுஷனுக்குச் சட்டம் போடறது முட்டாள்தனம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. ஹன்னாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. துவார்த்தே சூப் கிண்ணத்துக்குள் எதையோ தேடினான்.

லிடியா சிரிக்கவில்லை. "அப்ப பஞ்சை விட்டுருவோம். நீங்க சொல்லுங்கப்பா. அவன் குடிக்கிறானா? பொய் சொல்றானா? சோம்பேறியா? எதுக்கு வேணாங்கறீங்க?"

நான் துவார்த்தேயைப் பார்த்தேன். அவன் பறித்து வந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தே அது எந்தத் துறை, எந்த மரக்கால் என்று நான் சொல்லிவிடுவேன். அவனிடம் இரண்டு வருஷத்தில் "அங்க வை" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் அவனைப் பற்றி ஒன்றுமே இல்லை. என்னிடம் இருந்தது என்னைப் பற்றித்தான்.

"நீ போயிட்டா, நான் யாரோட வேலை செய்வேன்?" என்றேன்.

குரல் அப்படி உடையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலை நரைத்த ஒரு ஆள், சூப்பால் மூக்கு சிவந்து, சம்பந்தி ஆகப்போகிறவளின் முன்னால் உட்கார்ந்து அழுவதற்குத் தயாராக இருந்தேன். இதற்காகத்தானா இரண்டு பஞ்சுகளைப் பிழிந்து, ஒரு குடும்பத்தைச் சாப்பாட்டுக்கு அழைத்து, இயற்கையைச் சாட்சிக்கு இழுத்தாய் என்று எனக்கே என்னைக் கேட்கத் தோன்றியது.

"மூணு தெரு தள்ளித்தான்ப்பா போறேன்" என்றாள் லிடியா மெதுவாக.

மூன்று தெருதான். எங்கள் வீட்டிலிருந்து யாரும் இதுவரை அந்த மூன்று தெருவைத் தாண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

துவார்த்தே முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். "சார், நீங்க வராட்டி லிடியா தலையை நிமித்திட்டு, சிரிச்ச முகமாத்தான் நடந்து வருவா. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும் சார். அப்படி அவ நடந்து வரதை நின்னு பாக்க என்னால முடியாது."

தியொலிந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிள்ளைகள் இரண்டும் போய்விட்டால், இந்த மேஜையில் ஒத்த கருத்தோடு மிஞ்சப்போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டுக்கொண்டு, "கல்யாணப் பூசைக்கு மத்தியான நேரமாக் கேட்டு வாங்கு. காலையில எனக்குச் சமையல் இருக்கு" என்று மகனிடம் சொன்னாள்.

இனி நான்தான். சம்மதம் என்று நேராகச் சொல்வது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வராத காரியம்.

"கூட்டிட்டுப் போறதுன்னா எந்தக் கை?" என்றேன். "இடதா, வலதா?"

வியாழக்கிழமையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள். ஹன்னா வலது என்றாள். தியொலிந்தா இடது என்றாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

"நடந்து பாத்தா தெரியும்" என்று லிடியா எழுந்து வந்து, என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்காலிகளை ஒதுக்கினார்கள். ஜன்னலிலிருந்து சமையலறைக் கதவு வரை கோயில் என்று வைத்துக்கொண்டோம். துவார்த்தே கதவருகே போய், கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"மெதுவா டாக்டரே, மெதுவா!" என்று தியொலிந்தா பின்னாலிருந்து கத்தினாள். "படகைப் பிடிக்கவா ஓடறீங்க?"

மெதுவாகத்தான் நடந்தேன். அவ்வளவு சின்ன அறையில் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கதவு வந்துவிடுகிறது.